ஒன்றரை வருஷத்து நெய்

மொட்டையன் பாறையின் அடிவாரத்தில் ஏழு பேர் இருந்தார்கள். குரு ஒருத்தி, சீடர்கள் ஆறு பேர். ஆறு பேரும் குருவைவிட வயதில் மூத்தவர்கள். குருவுக்கு நாற்பத்து நான்குதான். ஆனாலும் அவளைப் பெரியம்மை என்றே கூப்பிட்டார்கள். சித்த மருத்துவம் ஐந்தரை வருஷம் படித்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, ஒரு நாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவள். காலையில் நோயாளிகள் வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் யாரும் வருவதில்லை.

அங்கே சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. சாப்பாட்டில் யாரும் தன் கையால் தனக்குப் பரிமாறிக்கொள்ளக் கூடாது. வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வலப்பக்கம் இருப்பவருக்குப் பரிமாற வேண்டும். இன்னும் வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மந்திரமூர்த்தி பதினோரு மாதமாக ஒரு முறைகூடக் கேட்டதில்லை. விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தாறு வருஷம் கறிக்கடை வைத்திருந்தவர். செவ்வாய் விடுமுறை, ஞாயிறு ஏழு ஆடு, மற்ற நாட்களில் இரண்டு. கூட்டிப் பெருக்கினால் முப்பத்தோராயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வரும். அவர் கூட்டிப் பெருக்கிப் பார்த்திருக்கிறார். எதையும் எண்ணாமல் விடும் பழக்கம் அவருக்கு இல்லை.

வீட்டை விட்டு வந்ததும் ஓர் எண்ணிக்கையால்தான்.

மனைவி சண்முகவடிவு இறந்த பிறகு மகன் வீட்டில் நான்கு வருஷம் இருந்தார். மகன், மருமகள் பிரமசக்தி, பேரப்பிள்ளைகள் இரண்டு. ஒரு நாள் ரேஷன் கார்டு சரிபார்க்க ஓர் ஆள் வந்தான். வீட்டில் எத்தனை பேர் என்று வாசலில் நின்று கேட்டான். மருமகள் உள்ளே ஏதோ வேலையாக இருந்தபடியே, நாங்க நாலு பேரு, அப்புறம் எங்க மாமா என்றாள். அவன் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மந்திரமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டார். அஞ்சு பேர் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்கு யாரோடும் சண்டை இல்லை. மறுநாள் விடியற்காலையில், தேட வேண்டாம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர்கள் தேடவில்லை.

மலைமேல் ஒரு குகை இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படி. ஒரு நாள் சாப்பாடு முடிந்ததும் மந்திரமூர்த்தி பெரியம்மையின் முன்னால் போய் நின்றார். தனக்கு அந்தக் குகை வேண்டும் என்றார். இருபத்தொரு நாள். தண்ணீரும் உப்பும் போதும். யார் கையாலும் ஒரு பருக்கை விழாமல் இருந்து பார்க்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் அதன் பிறகு இந்த உலகத்தில் யாருக்கும் தான் எதுவும் பாக்கி இல்லை என்று ஆகிவிடும். இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு இடப்பக்கம் உட்காருகிறவர் திருமலையாண்டி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கை கழுவிக்கொண்டே, கறிக்கடைக்காரர் காத்தை எடை போட்டுத் திங்கப் போறார் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியம்மை சிரிக்கவில்லை. நாடி பிடித்துப் பார்த்தாள், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், எடை பார்த்தாள். எழுபத்தேழு கிலோ.

போகலாம் என்றாள். ஆனால் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு நான் மேலே வந்து ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு உண்மை சொல்ல வேண்டும் என்றாள்.

எடைக்கல்லில் ஒரு நாளும் பொய் சொல்லாதவர் மந்திரமூர்த்தி. சரி என்றார்.

முதல் நாள் நாலரை மணிக்குப் பெரியம்மை வந்தாள். மூச்சு வாங்கியது. பாறையில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டிய, அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல, தாயி. தண்ணி, உப்பு.”

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். இரண்டாம் நாளும் அதே கேள்வி, அதே பதில். அதே மாதிரி இறங்கிப் போனாள்.

குகையின் வாசலிலிருந்து ரோடு தெரியும். பஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை வரும். ஆலமர ஸ்டாப்பில் நிற்கும். இறங்குகிறவர்கள் எறும்பு அளவுக்குத்தான் தெரிவார்கள். முதல் நாள் மூன்று பேர் இறங்கினார்கள். இரண்டாம் நாள் ஐந்து பேர். நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எவரும் தன் ஆள் இல்லை என்று. தான் எதற்கு அதைப் பார்க்கிறோம் என்று மந்திரமூர்த்திக்குப் புரியவில்லை. ஆனால் பஸ் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார்.

மூன்றாம் நாள்.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டிய?”

“ஒண்ணுமில்ல, தாயி.”

“பொய்.”

மந்திரமூர்த்திக்கு முகம் சுண்டிப்போனது. குகைக்குள் வந்து பார்க்கலாம், ஒரு கொட்டைகூடக் கிடக்காது என்றார். பெரியம்மை குகையைப் பார்க்கவில்லை. அவரை வாய் திறந்து ஊதச் சொன்னாள். ஊதினார். அவள் முகர்ந்து பார்த்தாள்.

“கனிஞ்சு அழுகப்போற பழ வாடை அடிக்கி. உங்களுக்குத் தெரியலயா?”

காலையிலிருந்து வாயில் ஒரு மாதிரி தித்திப்பாக இருப்பதை அவரும் கவனித்திருந்தார்.

“மொத ரெண்டு நாளும் ஈரல்ல சேந்திருந்த சர்க்கரையச் சாப்பிட்டிய. அது உள்ளதுதான்னு பேசாம எறங்கிப் போனேன். அது தீந்துட்டு. இப்ப நெய் சாப்பிடுதிய. அது எரியுத வாடைதான் இது.”

நெய்யா என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

“ஏழெட்டு நாள் பட்டினி கெடந்த ஆட்ட அறுத்திருக்கியளா?”

அறுத்திருக்கிறார். ஒரு பஞ்ச வருஷத்தில் சந்தையிலிருந்து அப்படித்தான் வந்தன. நல்ல ஆட்டில் குண்டிக்காய் என்கிற சிறுநீரகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, சுற்றிலும் வெள்ளைக் கொழுப்பு மூடிக்கிடக்கும், கையால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஆடுகளில் குண்டிக்காய் மொட்டையாகத் தொங்கியது. அதைச் சொன்னார்.

“அந்தக் கொழுப்பு எங்க போச்சு?”

“எங்க போகும், ஆடே தின்னுருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பெரியம்மை அதற்குள் எழுந்து பத்துப் படி இறங்கியிருந்தாள்.

மறுநாள் பகல் முழுக்க மந்திரமூர்த்தி பதில் தயார் செய்தார். நாலரை மணிக்கு அவள் கேள்வி கேட்கும் முன்பே சொன்னார்.

“சரி, தாயி. நெய்யே திங்கேன்னு வச்சுக்கிடுவோம். எம் வயித்துல இருக்கது என்னுதுதான?”

“எப்படி உங்களுது ஆச்சு?”

நான் சாப்பிட்டேன், செரித்தது, சேர்ந்தது என்றார். எப்படிச் செரித்தது என்று கேட்டாள். அது அவருக்குத் தெரியவில்லை.

பித்தப்பையைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். கறிக்கடைக்காரனிடம் இப்படி ஒரு கேள்வியா என்று மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. ஈரலை எடுக்கும்போது முதல் வேலையே அதுதான். உடையாமல் நறுக்கித் தூர எறிய வேண்டும். உடைந்தால் ஈரல் முழுதும் கசந்துபோகும். அவர் கையில் முப்பத்தாறு வருஷத்தில் நாற்பத்தொரு தடவை உடைந்திருக்கிறது.

உடைந்தபோது கையில் இருந்த கொழுப்பு என்ன ஆனது என்று கேட்டாள்.

மந்திரமூர்த்தி யோசித்தார். கொழுப்பு பிடித்த கையைத் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் போகாது. சீயக்காய் போட வேண்டும். ஆனால் பித்தம் உடைந்து வழிந்த கையை வெறும் தண்ணீரில் காட்டினாலே பிசுக்கு விட்டுப் போய்விடும். இது அவர் கைக்குத் தெரியும். ஏன் என்று யோசித்ததில்லை.

பெரியம்மை சொன்னாள். நெய் தண்ணீரோடு சேராது. வயிற்றுக்குள் போனாலும் மேலே மிதந்துகொண்டு தனியாகத்தான் கிடக்கும். ஈரல் அதற்கென்றே அந்தக் கசப்பு நீரைச் சுரந்து பையில் வைத்திருக்கிறது. நெய் குடலுக்கு வந்ததும் பை சுருங்கிப் பீச்சும். பெரிய துளி சிறு துளியாகும், சிறு துளி பொடித் துளியாகும். பிறகு கணையத்திலிருந்து வரும் நீர் அதை இன்னும் நறுக்கும். அப்புறம்தான் குடல் சுவர் அதை உள்ளே விடும்.

“உள்ள போனதும் ரத்தத்துல சேந்துரும்,” என்றார் மந்திரமூர்த்தி.

“சேராது. ரத்தமும் தண்ணிதான. பால் குடிச்ச குட்டியோட குடல் சவ்வப் பாத்திருக்கியளா?”

பார்த்திருக்கிறார். பால்குட்டியை அறுப்பது பாவம் என்று மனைவி வடிவு சொல்வாள். ஆனாலும் சில நேர்த்திக்கடன்களுக்கு அறுக்க வேண்டியிருக்கும். அந்தச் சவ்வில் மயிர்போல வெள்ளை நூல்கள் ஓடும். ரத்த நரம்பு சிவப்பாக இருக்கும், இது பால் மாதிரி இருக்கும். மேய்ந்த ஆட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. ஏதோ நோய் என்று நினைத்திருந்தார்.

“அதுதான் நெய் போற பாதை. குடல் சுவர் நெய்யச் சின்னச் சின்ன மூட்டையாக் கட்டும். தண்ணியில கரையாதுல்லா, அதுக்காக மேல ஒரு போர்வை போத்தி விடும். அந்த மூட்டை ஈரலுக்குப் போகாது. தனி வழி. முதுகெலும்பு ஓரமாவே மேல ஏறி, நெஞ்சத் தாண்டி, கழுத்துக்கு இடப்பக்கம் வந்துதான் ரத்தத்துல எறங்கும்.”

மந்திரமூர்த்தியின் கை தானாகக் கழுத்தின் இடப்பக்கம் போனது. கத்தி வைக்கிற இடத்துக்குக் கீழே, காறையெலும்புக்கு உள்பக்கம்.

“அங்கேர்ந்து ரத்தம் தூக்கிட்டுப் போகும். வயிறு, தொடை, தோலுக்கு அடியில, எங்க பானை இருக்கோ அங்க எறக்கும். மூட்டையோட உள்ள விடாது. வாசல்லயே பிரிச்சு, உள்ள கொண்டுபோய் மறுபடி கட்டி வைக்கும். பசிக்கப்போகுதுன்னு ஒரு நாளைக்காக.”

மந்திரமூர்த்தி எண்ணி எண்ணிச் சொல்வதுபோல, அரைத்தது நான், கரைத்தது என் பித்தம், சுமந்தது என் ரத்தம், வைத்துக்கொண்டது என் தோல், அப்படியானால் என்னுடையதுதானே என்றார்.

“சொமந்ததெல்லாம் நீங்கதான்,” என்றாள் பெரியம்மை. “சரக்கு?”

இறங்கிப் போனாள்.

ஐந்தாம் நாள் மந்திரமூர்த்தி பஸ்ஸைப் பார்க்க எழுந்திருக்கவில்லை. குகைக்குள் உட்கார்ந்து சரக்கைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவோடு முப்பத்தொரு வருஷம். அவள் சோற்றில் குழி பறித்து நெய் விடுவாள். கரண்டியைக் கவிழ்த்து, ஒரு முறை உதறி, விளிம்பைச் சோற்றில் துடைத்து எடுப்பாள். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி என்று வைத்தாலும் பதினோராயிரத்து முந்நூறு கரண்டி. அதில் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா? அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போனவள் கை விட்ட நெய் இந்த வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கிறது. மலை உச்சியில், யாரும் இல்லாத இடத்தில், அவள் அதை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்தார். ஐந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் துணையோடு இருந்தார்.

அன்று நாலரைக்குப் பெரியம்மை கேட்டபோது, “சாப்பிட்டேன், தாயி,” என்றார். முகத்தில் ஒரு வெட்கம். அதற்குமேல் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் தாளமுடியாமல் சொல்லிவிட்டார். யாரிடமும் பேசாத மனிதர் வடிவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். கரண்டியை உதறுவதைக் கையால் செய்து காட்டினார். கணக்கையும் சொன்னார். இனி இருபத்தொரு நாள் அல்ல, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், வடிவு பார்த்துக்கொள்வாள் என்றார்.

பெரியம்மை வெகுநேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க எங்கிட்ட உண்மையச் சொல்லுதியேன்னு நானும் சொல்லுதேன். பானை பழசா இருக்கலாம். உள்ள இருக்க நெய் பழசு இல்ல. உடம்பு அதச் சும்மா வச்சிருக்காது. கொஞ்சம் எடுக்கும், கொஞ்சம் வைக்கும், எடுக்கும், வைக்கும். நான் படிச்சது, ஒரு துளி உள்ள போனா சராசரி ஒன்றரை வருஷம் இருக்கும். அப்புறம் அந்தத் துளி இருக்காது.”

“ஒன்றரை வருஷமா?”

“முன்னப்பின்ன.”

மந்திரமூர்த்தி வயிற்றிலிருந்து கையை எடுத்தார். மடியில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

“அப்ப வடிவோடது...”

“தீந்துபோயிருக்கும், அண்ணாச்சி. மூணு வருஷத்துக்கு முன்னாலயே.”

அன்றைக்குப் பெரியம்மை உடனே இறங்கிப் போகவில்லை. வெயில் பாறையை விட்டு இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

மந்திரமூர்த்திக்குக் கணக்கு ஓடாமல் இருக்காது. அவர் வேண்டாம் என்றாலும் அது ஓடியது. அடிவாரத்துக்கு வந்து பதினோரு மாதம். அங்கே கஞ்சி, கீரை, சுண்டல். தாளிக்க ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அதிகம். ஆக உள்ளே இருப்பது அதற்கு முன்னால் போனதுதான். ஒன்றரை வருஷம் என்றால் மகன் வீட்டில் இருந்த கடைசிக் காலம்.

காலையில் மூன்று தோசை. சுற்றிலும் நல்லெண்ணெய். மூன்றாவது தோசையில் மட்டும் பொடி தூவி, நடுவில் ஒரு ஸ்பூன் நெய். அவர் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அது கிடையாது. தாத்தாவுக்கு மட்டும் ஏன் என்று பேத்தி ஒரு நாள் சண்டை போட்டது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் தோசையைப் பிய்த்துத் தின்றார். ஞாயிற்றுக்கிழமை குழம்பில் கொழுப்போடு இருக்கிற நெஞ்செலும்பைத் தேடி எடுத்து மருமகள் அவர் தட்டில் போடுவாள். போட்டுவிட்டு நிற்கமாட்டாள், அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளும் பேசுகிறவள் இல்லை. நான்கு வருஷத்தில் மாமனாரும் மருமகளும் பேசியதைத் தாளில் எழுதினால் இரண்டு பக்கம் வராது.

யார் கையாலும் ஒரு பருக்கை விழக்கூடாது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வந்தவர், நான்கு நாளாக அவள் கையால் மட்டுமே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் பெரியம்மை வந்தபோது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.

“எம் மருமக போட்டத,” என்றார் சுவரைப் பார்த்து.

எட்டாம் நாள் அவர் திரும்பி உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. குரல் மட்டும் கெட்டியாக இருந்தது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்றார். உள்ளே இருப்பது அவளுடையது என்றால் அது தீரட்டும். ஒரு துளி விடாமல் எரியட்டும். எரிந்து முடிந்தால் அவளுக்கும் தனக்கும் ஒன்றுமில்லை. அதுவரைக்கும் இறங்குவதாக இல்லை. இருபத்தொன்றோ, நாற்பதோ.

பெரியம்மை நாடி பார்த்தாள். கொழுப்பு மட்டும் தனியாக எரியாது, கூடவே சதையும் கரையும் என்றாள். கைச்சதை, கால்சதை, பிறகு இருதயமும் சதைதான். அவ்வளவு தூரம் போனவர்கள் சிலரை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், எல்லாரையும் திருப்பிக் கூட்டி வர முடியவில்லை என்றாள்.

பரவாயில்லை என்றார் மந்திரமூர்த்தி.

“பானையும் போயிரும்னு நெனைக்கியளா?”

அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

“போகாது. நெய் தீந்தாலும் பானை ஒடையாது. காலியா அங்கேயேதான் இருக்கும். ஊத்த ஆள் வாரவரைக்கும்.”

மந்திரமூர்த்திக்குக் கோபம் வந்தது. குருவிடம் இதுவரை வராத கோபம். இந்தத் தாயிக்கு யார் இருக்கிறார்கள்? புருஷன் பிள்ளை இல்லை, பெற்றவர்கள் இல்லை, பஸ்ஸில் வந்து இறங்க ஓர் ஆள் இல்லை. எல்லாம் விட்டு வந்தவள் தனக்கு மட்டும் எதற்கு இதைச் சொல்கிறாள்?

“உங்களுக்குள்ள இருக்கது யார் போட்டது, தாயி?” என்று கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார்.

பெரியம்மை அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“சாப்பாட்டுல உங்களுக்கு வலப்பக்கம் உக்காருதது யாரு, அண்ணாச்சி?”

மந்திரமூர்த்தி சாப்பாட்டு வட்டத்தை நினைத்துப் பார்த்தார். பதினோரு மாதமாக அவர்தான் அவளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். சுண்டலில் கடுகும் தேங்காயும் கூடுதலாக இருக்கிற பக்கமாகப் பார்த்துத்தான் அகப்பையைப் போடுவார். அதை அவள் கவனித்திருப்பாள் என்று அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் காலை பஸ்ஸில் ஆறு பேர் இறங்கினார்கள். ஆறு பேரும் வேறு வேறு திசையில் போனார்கள். மந்திரமூர்த்தி வாசலில் உட்கார்ந்து கடைசி ஆள் மறையும்வரை பார்த்தார். எழுந்தபோது கண் இருட்டியது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்திருந்தால் நாலரை மணிவரை யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் பிறகு பயமாக இருந்தது.

பெரியம்மை வந்தாள். அன்றைக்கு அவள் கேள்வியைக் கேட்கவில்லை. கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. கஞ்சித்தெளிவு. அதைப் பாறைமேல் வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை.

அவர்தான் பேச்சை எடுத்தார்.

“எல்லாம் தீந்தபெறகு என்ன மிஞ்சும், தாயி?”

“அது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அந்தப் பஞ்சத்து ஆடுகள்லயே ரொம்ப மோசமானது எது?”

மந்திரமூர்த்தி யோசித்தார். ஒரு வெள்ளாடு. உடம்பில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும் மறையாடு. தானாக நிற்க முடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உரித்தால் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றுமில்லை. வயிற்றுச் சவ்வு கண்ணாடி மாதிரி இருந்தது. அதை விற்க மனமில்லாமல் ஒதுக்கிப் போட்டார்.

“அதுல எங்கயாவது கொழுப்பு இருந்துச்சா?”

இல்லை என்று சொல்ல வந்தார். தலையை வெட்டிச் சுத்தம் செய்தபோது கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் இருந்தது. உண்மைதான். இவ்வளவு மெலிந்ததிலும் இது இருக்கிறதே என்று அப்போதே நினைத்தார்.

“கண்ணுக்குப் பின்னால,” என்றார்.

“வேற?”

“கால்ல. குளம்புப் பக்கம், அடியில. அது அப்படியேதான் இருந்துச்சு.”

பெரியம்மை எழுந்து அவர் அருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வலது காலை இரண்டு கையாலும் எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

மந்திரமூர்த்தி பதறிப்போனார். குரு சீடனின் காலைத் தொடுவதா? இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இழுக்கத் தெம்பில்லை. அவள் குதிகாலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்ததும் அந்த இடம் மெத்தென்று எழும்பி வந்தது. முன்பாதத்தில் அழுத்தினாள். அங்கேயும் எழும்பி வந்தது.

“மனுஷனுக்கும் அப்படித்தான், அண்ணாச்சி. வயித்துல எடுக்கும், தொடையில எடுக்கும், மொகத்துல எடுக்கும். உள்ளங்கால்ல இருக்கத உடம்பு லேசுல தொடாது. சாகக் கெடந்தாலும் அதக் கடைசிக்குத்தான் வச்சிருக்கும்.”

மந்திரமூர்த்தி தன் காலைப் பார்த்தார். இடுப்பு மெலிந்து, முழங்கால் துருத்தி, கெண்டைக்கால் வற்றத் தொடங்கியிருந்தது. பாதம் மட்டும் எழுபத்தேழு கிலோ மனிதனின் பாதமாக அப்படியே இருந்தது.

“எல்லாத்தையும் எடுக்கது, இத மட்டும் எதுக்கு விட்டு வைக்கி?”

பெரியம்மை அவர் காலை மடியிலிருந்து எடுத்து மெதுவாகப் படியின்மேல் வைத்தாள்.

“திரும்பி நடக்கணும்லா, அண்ணாச்சி.”